வாடைக்கு நிற்கும் தக்காளி: மண்டபம் கரையில் ஒரு மாடித் தோட்டம்

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் பக்கம் போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வாயில் அவை வடகடல், தென்கடல். இங்கே எழுதப்போகும் வீடு, வடகடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு தளம் போட்ட வீடு. மாடித் தோட்டம் மருமகளுடையது. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கூடவே இருக்கும் மாமியார் கமுதிப் பக்கம் மிளகாய்க்காட்டில் வளர்ந்தவர். செடி விஷயத்தில் அவர் கருத்துச் சொல்லாமல் இருந்த நாளே கிடையாது.

இரண்டு வருடமாக அவர்கள் நர்சரியில் இருந்து வாங்கி வைத்த தக்காளி நாற்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, குச்சியோடு சேர்ந்து சாய்ந்தன. சாயாத செடியில் பூ உதிர்ந்தது. தப்பிப் பிடித்த காயின் அடி கறுத்தது. "அண்ணே, குச்சி கட்டாம தானா நிக்கிற மாதிரி, குட்டையா தடியா ஒரு ரகம் சொல்லுங்க" என்பதுதான் மருமகள் என்னிடம் கேட்டது.

அவர் சொன்ன மூன்று தொல்லைகளில் குட்டை ரகம் தீர்க்கக்கூடியது ஒன்றைத்தான்: சாய்வது. பூ உதிர்வதற்குக் காரணம் இரவு வெப்பம். அடி கறுப்பதற்குப் பின்னால் இருந்தது தண்ணீர். ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், சாயாமல் நிமிர்ந்து நிற்கும், ஆனால் காய்க்காத செடிதான் மிஞ்சும். அந்த வீட்டில் ஒரு பருவத்தில் அதையும் கண்ணால் பார்த்தோம்.

குட்டையில் மூன்று ஜாதி

விதை உறையில் செடி குட்டை என்று போட்டிருந்தால் போதாது. குட்டையாக இருப்பதற்குச் செடிக்கு வேறு வேறு காரணம் உண்டு.

முதலாவது, குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும் வகை. 1914-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்ணில் பட்ட ஒரு மரபணு மாற்றத்திலிருந்து இந்தக் குணம் வந்தது. இயந்திர அறுவடைக்கும் சாஸ் தொழிற்சாலைக்கும் இதுதான் தோது, ஏனென்றால் காய் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பழுக்கும். வீட்டுக்கு அது தோது இல்லை. ஒரு வாரம் கூடை நிறையும், அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டியதுதான். இந்தச் செடியின் தண்டும் சாதாரணத் தண்டுதான். காய்ப் பாரம் ஏறினால் சாயும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா எர்லி டுவார்ஃப்' பெயரிலேயே குட்டையை வைத்திருந்தாலும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

இரண்டாவதுதான் அசல் குட்டை. இதில் பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செடி உருவாக்கும் வழியில் ஒரு குறை. அதனால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கி, தண்டு பருத்து, இலை கரும்பச்சையாகத் தடித்து, மேற்பரப்பு சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இந்த வகையில் பல செடிகள் வளர்வதை நிறுத்துவதே இல்லை. மெதுவாக, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டே இருக்கும். தினமும் ரசத்துக்கு இரண்டு பழம் வேண்டும் என்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

மூன்றாவது, ஜாண் அளவு, மிஞ்சினால் முழம் வளரும் மிகக் குட்டைச் செடி. முதல் இரண்டு குணமும் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 1945-இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'டைனி டிம்', 1989-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'மைக்ரோ டாம்' எல்லாம் இந்த வகை. மைக்ரோ டாம் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் விளக்கு வெளிச்சத்தில் வளர்கிறது. காரணம் அது அடைக்கும் இடம் கொஞ்சம், ருசி அல்ல. இணையத்தில் அதன் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

அசல் குட்டையில் நீண்ட காலம் ருசியான பெரிய பழ ரகங்கள் குறைவாகவே இருந்தன. அமெரிக்காவின் கிரெய்க் லஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நுஸ்கி ஸ்மாலும் சேர்ந்து 2005-06 வாக்கில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. இரண்டு நாட்டிலும் கோடை எதிரெதிர் மாதங்களில் வருவதால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை விதை எடுக்க முடிந்தது. வீட்டுத் தோட்டக்காரர்களே கலந்துகொண்ட அந்த வேலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வந்துவிட்டன. விதையை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்திலும் இந்த யோசனை புதிது இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, அதாவது மருதம், கோ 1-இலிருந்து திடீர் மாற்றம் தூண்டி எடுத்த ரகம். செடி குட்டை, நெருக்கி நடலாம். மருமகளுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் விசாரித்த கடைகளில் விதை கிடைக்கவில்லை.

தண்ணீர்

ரகத்தைப் பேசும் முன் வீட்டுத் தண்ணீரை அளந்தோம். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகம் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ஒன்றையே நடத்துகிறது என்பதிலிருந்து இந்த மண்ணின் நிலையைப் புரிந்துகொள்ளலாம். வீட்டு ஆழ்துளைக் கிணற்றில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 2,000-ஐத் தாண்டியது. குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் 400-க்குக் கீழே நின்றது.

தக்காளி உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத் திறன் 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அதன்பின் கூடும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பாசன நூல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு. பாய்ச்சும் தண்ணீருக்கு அது சுமார் 1.7, மீட்டர் மொழியில் தோராயமாக 1,100. ஆக, இரண்டு வருடமும் அவர்கள் கிணற்றுத் தண்ணீரை நேராக ஊற்றியபோதே காயின் அடி கறுப்பு முடிவாகிவிட்டது. அது பூச்சியுமல்ல, நோயுமல்ல. காய்க்குக் கால்சியம் போய்ச் சேராத குறை. உப்பு வேரைத் தடுக்கும். வேர் தண்ணீரை இழுக்கத் திணறும்போது கால்சியமும் கூடவே நின்றுவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு என்ன பயன்? ஓட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

இரண்டு பங்கு குழாய்த் தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்தால் ஆயிரத்துக்குள் வருகிறது. பதினைந்து லிட்டர் பையில் நிற்கும் ஒரு குட்டைச் செடிக்கு வெயில் ஏறும் மாதத்திலும் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போதும். ஆறு பைக்கு நல்ல தண்ணீர் அரைக் குடம் ஆகாது. குடத்துக்குக் கணக்குப் பார்க்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஆள் உயரச் செடி இதைப் போல இரண்டு மூன்று மடங்கு குடிக்கும். குட்டை ரகத்தின் பெரிய லாபம் எனக்குத் தெரிந்து இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் இருக்கிறது.

தண்ணீரைச் சரிசெய்த பிறகும் உப்பு வேறு வழிகளில் உள்ளே வந்தது. தென்னை நார்த்தூளை மூட்டையிலிருந்து அப்படியே கொட்டியிருந்தார்கள். அலசாத நார்த்தூளிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும். அடுத்தது, மீன் கழுவிய தண்ணீர். அது நல்ல உரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கரையில் மீனைக் கல் உப்புப் போட்டு உரசித்தானே கழுவுகிறோம்? முதல் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கடைசியாக அலசியதை மட்டும் ஊற்றச் சொன்னேன். கரை ஒதுங்கும் கடல்பாசியைத் தொட்டியில் போடும் வழக்கமும் இருந்தது. பாசியில் சத்து இல்லாமல் இல்லை; மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கப்பாபைகஸ் பாசிச் சாற்றைப் பயிர் ஊக்கியாகவே தயாரித்துக் காட்டியிருக்கிறது. அலசாத பாசி மட்டும் வேண்டாம். பைக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளையும் எடுத்துவிட்டோம். வடிந்த உப்புத் தண்ணீரையே வேர் திரும்பக் குடிப்பதற்கு அந்தத் தட்டு வழி செய்கிறது. வாரம் ஒருமுறை அடியில் நன்றாக வடியும்படி நல்ல தண்ணீர் விடுவது என்று வைத்துக்கொண்டோம்.

நான்கு ரகம்

விதைப்பு கார்த்திகை முதல் வாரம், தாழ்வாரத்தில் மழை படாத இடத்தில். மார்கழியில் நடவு. இந்த மாவட்டத்துக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். புயல் வந்தாலும் பெரும்பாலும் அப்போதுதான். நாற்றை அந்த நாட்களில் உள்ளே வைத்திருந்துவிட்டு வெளியே கொண்டுவந்தால், பூக்கும் காலம் வருடத்திலேயே குளிர்ந்த வாரங்களில் விழும்.

குளிர்ந்த என்று சொன்னாலும் அது கடற்கரைக் குளிர். பெரிய பழத் தக்காளிக்கு இரவு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். 24-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும். பாம்பன் பக்கம் ஜனவரி இரவே 24-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. கடல் இரவை ஆறவிடுவதில்லை. கம்பம், ஓசூர் என்று வேறு ஊர்களில் ஜெயித்த ரகங்கள் இங்கே தோற்பதற்கு இது ஒன்றே போதும்.

நட்டவை: நம் பெரியகுளம் பி.கே.எம். 1, பூசா எர்லி டுவார்ஃப், குட்டைத் தக்காளித் திட்டத்தின் 'ரோசெல்லா பர்ப்பிள்', அப்புறம் டைனி டிம். கடைசி இரண்டின் விதையும் விதை பரிமாறுகிறவர்கள் வழியாக வந்தவை. ஒரு வீட்டின் ஒரு பருவம் இது. ஆராய்ச்சி நிலையச் சோதனைபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செடிகள் காட்டிய வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிற அளவில் இல்லை.

பி.கே.எம். 1 பையில் படர்ந்து விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. நிலத்தில் போடவேண்டிய ரகத்தைப் பையில் வைத்தால் அப்படித்தான். காய் பரவாயில்லை, புளிப்பு மீன் குழம்புக்கு எடுப்பு. பூசா எர்லி டுவார்ஃப் பேருக்கேற்றபடி சீக்கிரம் காய்த்தது. பாரம் ஏறியதும் குச்சி கேட்டது, மொத்தக் காயும் ஒரு சில வாரத்தில் முடிந்தது.

ரோசெல்லா பர்ப்பிளைப் பற்றி நான் பெரிதாக நினைத்திருந்தேன். செடி அழகு. தண்டு பெருவிரல் தடிமன். வாடைக் காற்று அடித்த நாளில் பக்கத்துப் பை உருண்டபோதும் இது அசையவில்லை. பூவும் வைத்தது. ஆனால் பெரும்பாலான பூ காம்போடு உதிர்ந்தது. பிடித்த சில காயில் பாதி அடி கறுத்தது. பழுத்த மிச்சப் பழம், ஊதாவும் பழுப்புமாக, ருசியில் மற்ற மூன்றையும் ஓரம் கட்டியது. அதற்காக ஒரு பையை ஒதுக்கலாமா? ஆசைக்கு ஒன்று ஒதுக்கலாம். குழம்புக்கு நம்பி நட முடியாது.

டைனி டிம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பொதுவாகவே சிறு பழ ரகங்கள் சூடான இரவைக் கூடுதலாகப் பொறுக்கும், அடி கறுப்பும் அவற்றில் அபூர்வம். ஆனால் நான்கு லிட்டர் தொட்டியில் வைத்த செடிகள் பிப்ரவரி நடுவிலேயே ஓரம் கருகின. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதே ரகத்தைப் பத்து லிட்டர் பையில் வைத்தது தொடர்ந்து காய்த்தது. ஜாண் செடிக்கு டப்பா போதும் என்பதெல்லாம் மிதமான வெயிலும் நல்ல தண்ணீரும் உள்ள ஊருக்குச் சொன்னது. மொட்டை மாடியில் தளமே கொதிக்கும்போது சின்னத் தொட்டியில் மண் மதியத்துக்குள் காய்ந்து, உப்பு இறுகிவிடும்.

மாமியாருக்கு டைனி டிம்மில் திருப்தி இல்லை. "கோலிக்குண்டாட்டம் இருக்கு. எத்தனையப் பிச்சுப் போட்டா ஒரு சட்டிக் குழம்பு காணும்?" என்றார். நியாயமான கேள்வி. ருசியும் சுமார்தான். பிள்ளைகள் பறித்துப் பறித்து அப்படியே தின்றார்கள், அது தனிக் கணக்கு.

பிடுங்கிப் போட்ட நாற்று

நடவுக்கு முன் ஒரு சம்பவம். ரோசெல்லா நாற்று நாலு இலை விட்டிருந்தபோது மாமியார் அதில் சிலவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டார். "ஏத்தா, சுருட்டை விழுந்த செடியவா பத்திரமா வச்சிருக்கே? மத்ததுக்கும் பரவிரும்ல" என்று மருமகளுக்கு ஏச்சு வேறு. மிளகாய்க்காட்டுக்காரக் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும். முண்டு மிளகாயில் இலை சுருண்டால் பிடுங்கிப் போட்டே பழகியவர். அவர் பயம் பொய்யும் இல்லை. தக்காளி இலைச் சுருட்டை நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்பும். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும்.

ஆனால் அசல் குட்டையின் இலைச் சுருக்கம் அதன் பிறவிக் குணம். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். நோய் வந்த செடியில் முதலில் நுனி இலைகள் மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் வெளிறி மஞ்சளாகி, புது இலை சிறுத்துப்போகும். கீழ் இலைகள் சாதாரணமாக இருக்கும். ஒரு செடிக்கு வரும், பக்கத்துச் செடிக்கு வராமலும் இருக்கும். குட்டை ரகத்திலோ முதல் நிஜ இலையிலிருந்தே எல்லா நாற்றிலும் ஒரே மாதிரிச் சுருக்கம், கரும்பச்சை நிறம், தொட்டால் தோல் போன்ற தடிப்பு. இலை அடியைத் திருப்பி வெள்ளை ஈ உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும். நாற்றை அக்கம்பக்கத்தில் கொடுக்கிறவர்கள் இதை வாயால் சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்தச் செடி அடுத்த நாள் குப்பையில்தான் கிடக்கும்.

குட்டை ரகம் எதுவும் இலைச் சுருட்டைக்கு எதிர்ப்பு உள்ளது என்று நினைத்துவிடவும் கூடாது. அந்தக் குணம் வேண்டுமென்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற கலப்பினம் இருக்கிறது. இலைச் சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும். அது குட்டை அல்ல, குச்சி வேண்டும். இந்த மாடிக்கு நான் அதைச் சொல்லவில்லை. சுவர் மறைவில் நிலம் உள்ள வீட்டுக்குச் சொல்வேன்.

பக்கக் கிளையைக் கிள்ளும் பழக்கத்தையும் மருமகள் வீடியோ பார்த்துக் கற்று வைத்திருந்தார். உயரமாக ஏற்றிக் கட்டும் கொடித் தக்காளிக்கு அது சரி. குட்டையில் பக்கக் கிளையில்தான் பாதிக் காய். மண்ணில் உரசும் அடி இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

தட்டி எந்தப் பக்கம்

காற்றுத் தடுப்புக்குப் பனை ஓலைத் தட்டி ஒன்றைத் தென்மேற்கு மூலையில் கட்டியிருந்தார்கள். ஆனி, ஆடியில் வாரியடிக்கும் கச்சான் காற்று அந்தப் பக்கமிருந்து வருவது எல்லாருக்கும் நினைவில் இருக்கிறது. ஆனால் தக்காளி நிற்கும் மார்கழி, தையில் வீசுவது வாடை. வடகிழக்கில், கடல் பக்கம், மாடி திறந்தே கிடந்தது. உப்புச் சாரல் இலை ஓரங்களைச் சுட்டிருந்தது. தட்டியை இடம் மாற்றினோம். ஓலையை இடைவெளி விட்டு முடையச் சொன்னேன், ஏனென்றால் அடைத்துக் கட்டினால் காற்று தட்டியைத் தாண்டி வந்து மேலிருந்து செடியை அடிக்கும். சாரல் கடுமையாக இருந்த நாளுக்கு மறுநாள் காலையில் இலையில் நல்ல தண்ணீர் தெளித்தார்கள்.

தென்கடல் ஓரத்து வீட்டுக்கும் இந்தப் பருவத்தில் இதே திசைதான். அங்கே வீடுகளும் தென்னையும் இடையில் நிற்பதால் சாரல் குறைவு. கச்சான் காலத்தில் தக்காளியே வேண்டாம் என்பது என் எண்ணம். வெயில், காற்று, இரவுப் புழுக்கம் மூன்றும் கூடி வரும் மாதங்களில் பையில் கொத்தவரையோ கத்தரியோ நிற்கட்டும்.

அடுத்த பருவத்துக்கு

பங்குனி வெயிலில் செடிகளை எடுத்தபின் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது. ஆறு பைகளில் நாலு, சிறு பழம் காய்க்கும் அசல் குட்டைக்கு. அதாவது தடித்த தண்டும் சுருக்க இலையும் இருக்க வேண்டும், பழம் நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை அளவுக்குள், பை பதினைந்து லிட்டருக்குக் குறையாமல். ஐந்தாவது பைக்குப் பதிலாக, குழம்புக்காக பி.கே.எம். 1, தரையில், கிழக்குச் சுவரோரம், ஆட்டுப் புழுக்கை போட்டு. மாமியார் கேட்டு வாங்கிய இடம் அது. ஆறாவதில் ரோசெல்லாவை ஒரே ஒரு செடி மருமகள் வைப்பார். டைனி டிம் விதை பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

விதை எடுப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது. இந்தக் குட்டைக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பக்கத்தில் நிற்கும் சாதாரண ரகத் தக்காளியின் மகரந்தம் தப்பித்தவறிக் கலந்திருந்தால், அந்த விதையில் முளைக்கும் நாற்று உயரமாக, இலை வழவழப்பாக வரும். நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். பிடுங்க வேண்டியது அதைத்தான். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நல்லா இருக்கறதப் பிடுங்கி, சுருண்டிருக்கறத வைக்கணுமாக்கும்" என்றார். ஆமாம் என்றேன். பழுத்த ரோசெல்லா ஒன்றின் விதையைப் புளிக்க வைத்து அலசி, நிழலில் காயவைத்து, தாளில் மடித்து அவரே எடுத்து வைத்திருக்கிறார்.